பணம் குடும்பத்துடையது, பூட்டு பள்ளியுடையது

மாணவர்கள் தங்களுக்குச் சொந்தமான மடிக்கணினியையோ டேப்லெட்டையோ பள்ளிக்கு எடுத்துவந்து பாடம் படிக்கும் ஏற்பாடு, கல்வித்துறை ஆவணங்களில் ஒரே பெயரால் குறிக்கப்பட்டாலும், நடைமுறையில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு வகையில், எந்தக் கருவியை என்ன விலைக்கு வாங்குவது என்பதைக் குடும்பமே முடிவு செய்கிறது. பள்ளி இணைய இணைப்பையும் சில விதிகளையும் தருவதோடு நின்றுவிடுகிறது. மற்றொரு வகையில், கருவி மாணவரின் உடைமையாகவே இருந்தாலும், அதன் ரகத்தைப் பள்ளி தேர்ந்தெடுக்கிறது, மொத்தக் கொள்முதல் மூலம் விலையை அரசு குறைக்கிறது, அதனுள் ஒரு மேலாண்மைச் செயலியைப் பொருத்தித் திறவுகோலையும் பள்ளியே வைத்துக்கொள்கிறது. முதல் வகைக்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் இரண்டாம் வகைக்குச் சிங்கப்பூரும் தக்க சான்றுகள். கருவியால் மதிப்பெண் கூடுமா கூடாதா என்பதையே சுற்றி விவாதம் நடந்துகொண்டிருக்க, வாங்குவது யார், பூட்டித் திறப்பது யார் என்ற கேள்வி ஓரங்கட்டப்பட்டுவிட்டது. ஆனால், இந்த ஏற்பாட்டின் நன்மை தீமைகளில் பெரும்பகுதி அக்கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அமைகிறது.

நியூ சவுத் வேல்ஸ் இவ்வழிக்கு வந்ததற்குக் கல்விக் கோட்பாட்டைவிட நிதி நிலைமையே காரணம். கெவின் ரட் தலைமையிலான கூட்டாட்சி அரசு 2008இல் தொடங்கிய 'டிஜிட்டல் கல்விப் புரட்சி' என்ற திட்டம், 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களின் கைக்குக் கணினியைக் கொண்டுசேர்ப்பதற்காக 200 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் ஒதுக்கியது. அந்நிதியைக் கொண்டு நியூ சவுத் வேல்ஸ் அரசுப் பள்ளிகள் 2009 முதல் 9ஆம் வகுப்பு மாணவர்களுக்குச் சிறிய மடிக்கணினிகளை வழங்கின. 2013இல் நிதி நின்றதும், ஏற்கெனவே கணினிக்குப் பழகிவிட்ட வகுப்பறையைப் பழைய நிலைக்குத் திருப்பவும் முடியாமல், புதுக் கருவி வாங்கப் பணமும் இல்லாமல், மாணவர்கள் சொந்தக் கருவியைக் கொண்டுவரலாம் என்ற கொள்கையை மாநிலக் கல்வித்துறை வெளியிட்டு, எப்படி நடத்துவது என்பதை அந்தந்தப் பள்ளியின் பொறுப்பில் விட்டது. கடிந்துகொள்ள முடியாத முடிவு அது. என்றாலும், பொதுச் செலவாக இருந்த ஒன்று சத்தமில்லாமல் பெற்றோரின் செலவாக மாறிய தருணமும் அதுவே.

கருவிகள் பலவகையாக வரும்போது முதலில் திணறுவது ஆசிரியர். ஒரே வகுப்பில் விண்டோஸ் மடிக்கணினி, ஐபேடு, குரோம்புக், அண்ணனிடமிருந்து தம்பிக்கு வந்துசேர்ந்த பழைய கணினி ஆகியவை கலந்திருந்தால், ஒருவர் திரையில் ஓடும் மென்பொருள் பக்கத்து இருக்கையில் ஓடாது. ஒருவருக்கு எழுத்துக்குச்சி இருக்கும், இன்னொருவருக்குத் தட்டச்சுப் பலகைகூட இருக்காது. ஆகவே பாடம், எல்லாக் கருவிகளிலும் திறக்கக்கூடிய எளிய இணையப் பக்கங்களின் அளவுக்குச் சுருங்கிவிடும். விலை உயர்ந்த கருவி வாங்கித் தந்த பெற்றோருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. மலிவான கருவியோடு வரும் மாணவருக்கோ, சீருடை மறைத்துவைக்க முயன்ற வேறுபாடு மேசைமேல் வெளிச்சமாகத் தெரிகிறது.

சிங்கப்பூர் இந்தச் சிக்கலை முன்கூட்டியே கணித்து நடந்துகொண்டது. 2020 மார்ச்சில், அப்போது கல்வி அமைச்சராக இருந்த ஓங் யீ காங் தேசிய மின்னிலக்க அறிவுத் திட்டத்தை அறிவித்தபோது, உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் சொந்தக் கற்றல் சாதனம் வைத்திருக்கும் நிலையை 2028க்குள் எட்டுவதே இலக்காக இருந்தது. அடுத்த மாதமே கொவிட் பரவலால் பள்ளிகள் மூடப்பட்டு, வீட்டிலிருந்தபடியே கற்கும் நிலை வந்து, வீட்டில் கணினி இல்லாத மாணவர்களுக்குப் பள்ளிகள் இரவல் கொடுக்க நேர்ந்தது. ஜூன் மாதம் அப்போதைய மூத்த அமைச்சர் தர்மன் சண்முகரத்னம், இலக்கு ஏழாண்டு முன்னதாக, 2021லேயே நிறைவேற்றப்படும் என்று அறிவித்தார். செலவுக்கு வழி எடுசேவ் நிதி. ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடிமகப் பிள்ளையின் பெயரிலும் பள்ளிப் பருவத்தில் அரசு ஆண்டுதோறும் பணம் போட்டுவரும் கணக்கு அது, 1993இல் தொடங்கப்பட்டது. கருவி வாங்குவதற்கு உதவியாக 2020இல் அக்கணக்குகளில் 200 சிங்கப்பூர் வெள்ளி கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தனி மானியமும் உண்டு. கருவியின் ரகத்தைப் பள்ளி முடிவு செய்வதால், ஒரு பள்ளியில் ஒரு வகுப்பில் ஏறத்தாழ ஒரே மாதிரியான கருவியே புழங்குகிறது. எடுசேவ் குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்பதால், அங்கு வேலைக்கு வந்து பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வெளிநாட்டுக் குடும்பங்கள் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தத் திட்டத்தால் கற்றல் உயர்ந்ததா என்று கேட்பவர்கள் வழக்கமாகப் பீசா தேர்வைக் காட்டுவார்கள். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 15 வயது மாணவர்களுக்குப் பல நாடுகளில் நடத்தும் அந்த ஒப்பீட்டுத் தேர்வில், 2022இல் கணிதம், வாசிப்பு, அறிவியல் மூன்றிலும் சிங்கப்பூருக்கே முதலிடம். ஆனால் 2015இலும் மூன்றிலும் அதற்கே முதலிடம் கிடைத்தது. அப்போது இந்தத் திட்டம் காகிதத்தில்கூட இல்லை. எனவே அந்தப் பெருமையில் கருவிக்குப் பங்கு கேட்பது சற்று அவசரப்படுவதாகும். அதே 2022 ஆய்வில், அமைப்பின் உறுப்பு நாடுகளில் சராசரியாக 65 விழுக்காட்டு மாணவர்கள், கணித வகுப்புகள் சிலவற்றிலாவது மின்னணுக் கருவிகளால் தங்கள் கவனம் சிதறுவதாகக் கூறினர்; பிறர் பயன்படுத்தும் கருவியால் கவனம் சிதறுவதாகக் கூறியவர்கள் 59 விழுக்காடு. இரண்டாவது எண்தான் கூடுதல் கவலைக்குரியது. கனடாவில் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வு, விரிவுரையின்போது மடிக்கணினியில் வேறு வேலை பார்த்தவர்கள் மட்டுமல்லாமல், அவர்களுடைய திரை கண்ணில் படும்படி பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் பிறகு வைத்த தேர்வில் பின்தங்கியதைக் காட்டியது. அதாவது, தன் பிள்ளைக்குக் கருவி வேண்டாம் என்று ஒரு பெற்றோர் முடிவெடுத்தாலும், முன்வரிசைக் கருவியின் விளைவிலிருந்து அந்தப் பிள்ளை தப்புவதில்லை.

கருவி எங்கே உண்மையாகப் பயன்படுகிறது என்பதற்குச் சிங்கப்பூரின் தமிழ் வகுப்பே ஒரு சான்று. அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டிலும் வெளியிலும் ஆங்கிலமே பேச்சு மொழியாகிவிட்ட நிலையில், தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு 2005இல், எழுத்துத் தமிழோடு தரமான பேச்சுத் தமிழுக்கும் இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. இப்போது வாய்மொழித் தேர்வில் ஒரு காணொளியைப் பார்த்து அதைப் பற்றிப் பேச வேண்டும். பேச்சைக் கற்பிப்பதில் உள்ள பழைய இடர்ப்பாடு நேரம்தான்: இருபது பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசவைத்தாலே பாடவேளை முடிந்துவிடும், ஒருவர் பேசும்போது பத்தொன்பது பேர் சும்மா இருப்பார்கள். கல்வி அமைச்சு 2018இல் எல்லாப் பள்ளிகளுக்கும் திறந்துவிட்ட மாணவர் கற்றல் தளத்தில் ஒவ்வொருவரும் தம் குரலைப் பதிந்து அனுப்பலாம் என்பதால், எல்லாரும் ஒரே வேளையில் பேசவும், கூச்சப்படும் பிள்ளை மூன்றாம் முறை பதிந்ததை மட்டும் அனுப்பவும், ஆசிரியர் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுத் திருத்தவும் வழி பிறக்கிறது. திருத்தும் சுமை ஆசிரியரின் மாலை நேரத்துக்கு நகர்கிறது என்பது உண்மையே. ஆனாலும், சுண்ணக்கட்டியாலும் நோட்டுப் புத்தகத்தாலும் செய்ய முடியாத ஒன்றை இங்கே கருவி செய்கிறது. அப்படிப்பட்ட வேலைகளின் பட்டியல் விற்பனையாளர்கள் சொல்வதைவிட மிகச் சிறியது.

சிங்கப்பூர் முறையின் கடினமான பகுதி பணத்தில் இல்லை, பூட்டில் இருக்கிறது. ஒவ்வொரு கருவியிலும் சாதன மேலாண்மைச் செயலி கட்டாயம் பொருத்தப்படும். தகாத தளங்களைத் தடுப்பது, எந்தச் செயலி இருக்கலாம் என்று தொலைவிலிருந்தே தீர்மானிப்பது, வகுப்பு நடக்கும்போது மாணவரின் திரையை ஆசிரியர் பார்ப்பது, திரை நேரத்தை வரையறுப்பது ஆகியவை அதன் பணிகள். ஏற்கெனவே சொந்தக் கணினி வைத்திருந்தவர்களும் அதைப் பள்ளியில் பயன்படுத்த வேண்டுமானால் அதே செயலியை ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையை எதிர்த்து, 2021 தொடக்கத்தில் இணைய மனு ஒன்றில் 6,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். அமைச்சு பின்வாங்கவில்லை, ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகு எப்படி நடத்துவது என்பதில் பெற்றோருக்கு மூன்று வழிகள் உண்டு: பள்ளி வைத்த கட்டுப்பாடுகளை அப்படியே தொடரலாம், தங்கள் விருப்பப்படி அவற்றை மாற்றிக்கொள்ளலாம், அல்லது மாலையில் செயலியை முற்றிலும் செயலிழக்கச் செய்யலாம். ஏட்டளவில் நியாயமான ஏற்பாடுதான். அதேவேளையில், கட்டுப்பாட்டைப் பற்றி முடிவெடுக்கும் சிரமத்தை, அதற்கு நேரமும் பழக்கமும் மிகக் குறைவாக உள்ள பெற்றோரின் தலையிலும் அது சமமாக ஏற்றுகிறது. இரவு வேலைக்குப் போகும் தாய் இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று கேட்டால், பெரும்பாலும் எதையும் தேர்ந்தெடுக்க மாட்டார், வைத்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவார் என்பதே விடை. ஆகவே, பள்ளி எந்தக் கட்டுப்பாட்டை முதலில் வைக்கிறதோ அதுவே பல வீடுகளில் நிரந்தரச் சட்டமாகிவிடுகிறது.

பூட்டு ஒரே இடத்தில் இருப்பதன் ஆபத்து 2024 ஆகஸ்ட் 4ஆம் தேதி வெளிப்பட்டது. ஐபேடுகளிலும் குரோம்புக்குகளிலும் பயன்பட்டு வந்த மொபைல் கார்டியன் என்ற மேலாண்மைச் செயலியின் கணினிக் கட்டமைப்புக்குள் யாரோ அத்துமீறி நுழைந்ததில், 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் கருவிகளில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. செயலியை நடத்தியது பிரிட்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு தனியார் நிறுவனம். தாக்குதல் சிங்கப்பூரை மட்டும் குறிவைத்ததன்று. அதே ஆண்டு ஏப்ரலிலேயே, 127 பள்ளிகளைச் சேர்ந்த பெற்றோர், பள்ளி ஊழியர்களின் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் அந்நிறுவனத்திடமிருந்து கசிந்திருந்தன. ஆகஸ்ட் நிகழ்வுக்கு மறுநாள், எல்லாக் கருவிகளிலிருந்தும் அந்தச் செயலியை நீக்கப்போவதாக அமைச்சு அறிவித்தது. ஆண்டிறுதித் தேர்வுகள் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், வேறு இடத்தில் பிரதி எடுத்துவைக்காத மாணவர்களின் குறிப்புகள் போயின. தொலைந்த பூட்டாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்; இங்கோ பூட்டே வீட்டுக்குள் புகுந்து பொருளை அழித்தது. குடும்பம் விலை கொடுத்து வாங்கிய பொருளில், குடும்பம் கேட்டு வாங்காத ஒரு செயலியால் நேர்ந்த இழப்புக்கு யார் ஈடு செய்வது என்பதை எந்தத் திட்ட ஆவணமும் முதலில் எழுதிவைப்பதில்லை. திறவுகோலைக் கையில் வைத்திருப்பவர் அதற்கும் பொறுப்பேற்பவராகவே இருக்க வேண்டும் என்பது இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

இவ்வளவுக்குப் பிறகும் சிங்கப்பூர் திட்டத்தைக் கைவிடவில்லை, பிடியை இறுக்கியிருக்கிறது. 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இடைவேளையிலும் பாடத்துக்கு வெளியிலான நடவடிக்கைகளிலும்கூடக் கைப்பேசியைப் பயன்படுத்த முடியாது. கற்றல் சாதனம் இரவில் தானாக அணையும் நேரமும் 11 மணியிலிருந்து 10.30க்கு முன்னகர்த்தப்பட்டிருக்கிறது. கைப்பேசி பூட்டிவைக்கப்பட்டு டேப்லெட் மேசைமேல் இருப்பதை முரண்பாடு என்று சிலர் கேலி செய்யலாம். ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு திரையின் அளவில் இல்லை. ஒன்று பள்ளியின் பிடியில் இருக்கிறது, மற்றது இல்லை.

இதே கேள்வியைத் தமிழ்நாட்டில் கேட்டுப் பார்க்கலாம். அங்கு பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரத் தடை இருக்கிறது. மறுபக்கம், 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் மேல்நிலை மாணவர்களின் கையில் கருவியைக் கொடுத்தது. பாடவேளையோடு அதைப் பிணைக்கும் ஏற்பாடு பெரிதாக உருவாகவில்லை என்பதும், பின்னாளில் திட்டமே தடைபட்டது என்பதும் நியாயமான குறைகள். இப்போது வீட்டுக்கு வீடு ஸ்மார்ட்போன் வந்துவிட்டதே, பிள்ளைகள் அதையே கொண்டுவரட்டும் என்று யோசனை சொல்பவர்கள், இந்திய ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயதுள்ளோரிடம் ஏசர் (ASER) என்ற கல்வி ஆய்வு அமைப்பு 2023இல் நடத்திய ஆய்வைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 90 விழுக்காட்டு வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களிடையே, தமக்கென்று ஒன்றை வைத்திருந்த பையன்கள் 43.7 விழுக்காடு, பெண்கள் 19.8 விழுக்காடு. வீட்டில் உள்ள கருவியைப் பள்ளிக்கு எடுத்துவரச் சொன்னால், அது அண்ணன் பையில் போகுமா தங்கை பையில் போகுமா என்பதை அந்த வீடு தீர்மானிக்கும். பள்ளியால் கேட்கக்கூட முடியாது. விலையில்லா மடிக்கணினி, அதன் குறைகள் அத்தனையோடும், மாணவியின் பெயரில் பதிவாகி அவள் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவளிடமே தரப்பட்டது.