கட்டிலில் படுக்க வேண்டியவர் யார்?

தாதியர் கல்லூரியில் நாடகமா என்று நகைப்போர் உளர். ஊசி போடக் கற்க வந்தவர்களுக்குக் கூத்து எதற்கு என்பது அவர்கள் வாதம். நாம் கேட்கிறோம்: அந்த ஊசியை ஏற்பவள் யார் என்பதை எந்தப் பாடநூல் கற்பிக்கிறது?

குண்டசாலையிலிருந்து தெல்தெனிய வழியே ரங்கல மலைச்சரிவை நோக்கிச் சென்றால் தேயிலைத் தோட்டங்கள். அங்கிருந்து நோயோடு இறங்கி வரும் தொழிலாளிப் பெண், "நெஞ்ச அடைக்குதுங்க" என்கிறாள். கேட்பவருக்குச் சிங்களம் மட்டுமே தெரியுமாயின், அவ்வலி குறிப்பேட்டில் ஏறுவதில்லை. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியாயிற்று. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஏட்டில் ஏறிய மொழி எல்லா நோயாளிகளின் கட்டிலருகேயும் வந்து சேர்ந்துவிடவில்லை.

இங்கேதான் நாடகம் வேண்டும். சிங்கள மாணவி நோயாளியாகப் படுக்கட்டும். சுற்றி நிற்போர் அவளுக்குப் புரியாத தமிழில் மட்டும் பேசட்டும். தன் நோவைச் சொல்ல மாட்டாமல் அவள் திணறும் ஐந்து நிமிடம் ஒரு மாத விரிவுரைக்கு மேலானது. (மொழியை மாற்றி யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவிக்கும் இதையே செய்யலாம், நமக்கு மட்டும் விலக்கு என்ன?) பிரேசில் நாட்டு அகுஸ்தோ போவால் 1973இல் பெருவின் எழுத்தறிவு இயக்கத்தில் பணியாற்றியபோது கண்ட வழியையும் சேர்த்துக்கொள்ளலாம்: பார்ப்பவரே எழுந்து ஆட்டத்தை நிறுத்தி, நடிகரின் இடத்தில் நின்று, வேறு விதமாகச் செய்து காட்டுவது.

ஆனால் இரவு முழுவதும் நிறைந்த வாட்டை ஒற்றைத் தாதியிடம் ஒப்படைத்துவிட்டு, அவளிடம் பரிவு போதவில்லை என்று நாடகப் பயிற்சிக்கு அனுப்புவது ஏய்ப்பு. ஆளும் தராமல், தமிழும் கற்பிக்காமல் இருக்கும் அதிகாரிகளே முதல் ஒத்திகைக்கு வரட்டும்.