கியோனில் எடுத்த ஒரு புகைப்படம்

ஜப்பானின் கியோத்தோ நகரிலுள்ள கியோன் பகுதியில், தனியார் சந்துகளுக்குள் உல்லாசப் பயணிகள் நுழையக்கூடாது என்று அப்பகுதிவாசிகளின் சபை 2024 ஆம் ஆண்டு முடிவெடுத்தது. மீறினால் 10,000 யென் அபராதம் என்று அறிவிப்புப் பலகையும் வைத்தார்கள். இச்செய்தி வெளிவந்ததும் பயணப் பிரியர்கள் பலர் இணையத்தில் கொதித்தெழுந்தார்கள். ஆயிரக்கணக்கான மைல்கள் கடந்து, பணத்தைச் செலவழித்துப் பண்பாட்டைப் பார்க்க வருகிறவனை வாசலில் மறிப்பது என்ன பண்பாடு என்பது அவர்களுடைய கேள்வி.

எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. காரணம், என்னிடம் ஒரு புகைப்படம் இருக்கிறது.

2018 நவம்பரில் ஒரு மாலைப் பொழுது. கியோனின் நடுவே செல்லும் ஹனாமிகோஜி தெருவில், இருபுறமும் பழைய மரவீடுகள். அவற்றின் வாசல்களில் காகித விளக்குகள். தெரு முழுவதும் எங்களைப் போன்ற வேற்று நாட்டவர். திடீரென ஒரு சந்திலிருந்து மைக்கோ ஒருத்தி வெளிப்பட்டாள். கெய்ஷா என்று உலகம் அழைப்பவர்களைக் கியோத்தோவில் கெய்க்கோ என்பார்கள். அக்கலையைப் பயிலும் இளம்பெண்தான் மைக்கோ. வெள்ளை பூசிய முகம், உயர்ந்த மரச்செருப்பு, தரையைத் தொடுமளவுக்குத் தொங்கும் இடைப்பட்டி. கூட்டம் அவள்பக்கம் சாய்ந்தது. என் கையிலிருந்த கமராவும் தானாகவே உயர்ந்தது. நாற்பது வருடப் பத்திரிகைத் தொழில் கைக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. சம்மதம் கேட்பதற்கு அதில் இடமில்லை.

அன்றிரவு விடுதி அறையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். பாதி திரும்பிய முகம், மறைக்கத் தூக்கிய கைச்சட்டை விளிம்பு, அவளுக்குப் பின்னால் தொலைபேசிகளை நீட்டியபடி நான்கைந்து கைகள். பண்பாடு என்று நான் படம்பிடித்தது, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளையின் பதற்றத்தை. கொழும்பில் காலையில் அலுவலகத்துக்கு ஓடும் ஒரு பெண்ணை இப்படி ஐம்பது பேர் வழிமறித்துப் படமெடுத்தால் நாங்கள் அதற்கு என்ன பெயர் வைப்போம்?

அவள் வேலைக்குப் போகும் வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தேநீர் இல்லங்கள் என்று பெயர்; முன்பின் தெரியாதவரை உள்ளே விடுவதில்லை. பழைய வாடிக்கையாளர் ஒருவர் அறிமுகப்படுத்த வேண்டும். இதைச் செருக்கு என்று சொல்பவர்கள் அதன் கணக்கு வழக்கை அறியாதவர்கள். விருந்தாளி அன்றிரவு அங்கே பணம் கொடுப்பதில்லை. சாப்பாடு, கலைஞர்களின் சம்பளம், வாகனச் செலவு எல்லாவற்றையும் இல்லத்து அம்மாவே முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர்தான் பட்டியல் அனுப்புவார். அவர் கொடுக்காவிட்டால் அறிமுகப்படுத்தியவர் பொறுப்பு. எனவே அந்த மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பது ஒரு பிணை முறை. நம்பிக்கையின்மேல் கட்டிய வீட்டுக்குள் ரிக்கற் வாங்கி நுழைய முடியாது. இந்த நடனத்தைப் பார்க்கவே வேண்டும் என்பவர்களுக்கு வழி இல்லாமலும் இல்லை. 1872 இல் தொடங்கிய மியாக்கோ ஒதோரி என்ற நடன நிகழ்ச்சி ஏப்ரல் மாதங்களில் நடைபெறுகிறது. ரிக்கற் எடுத்து அமர்ந்து பார்க்கலாம். ஆனால் சந்தில் துரத்துபவர்கள் தேடுவது நடனத்தை அல்லவே.

கிமோனோ வாடகைக் கடைகளை நான் அவ்வளவு கடிந்துகொள்ள மாட்டேன். ஒருநாள் உடுத்திப் பார்க்கும் ஆசை பாவமில்லை. ஜப்பானிய இளம்பெண்களும் அவ்வாறே வாடகைக்கு எடுத்து உடுத்துகிறார்கள். இடப்புற மடிப்பு மேலே வரவேண்டும், மாறி மடித்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை என்பதையாவது கடைக்காரர் சொல்லிக்கொடுத்தால் போதும்.

தேநீர்ச் சடங்கு விடயத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். பிளேன்ரீ குடித்து வளர்ந்த நாட்டவன் என்பதால் ஆவலோடு போனேன். நாற்பத்தைந்து நிமிடத்தில், மேசை, கதிரையோடு, ஆங்கில விளக்கத்தோடு முடித்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள், நல்ல தேநீர். ஆனால் முறையான தேநீர் விருந்து ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் நீள்வது. அதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவரான சென் நோ ரிக்யூ, 16 ஆம் நூற்றாண்டில் தேநீர்க் குடிலுக்கு ஒரு வாசல் வைத்தார். இரண்டடி உயரம், இரண்டடி அகலம். படைத்தலைவனாயினும் வாளை வெளியே வைத்துவிட்டு, முழங்காலில் ஊர்ந்துதான் உள்ளே வரவேண்டும். நாட்டையே ஆண்ட ஹிதேயோஷி அவருடைய சீடனாக இருந்தவன். அவனே 1591 இல் அவரைத் தற்கொலை செய்யுமாறு கட்டளையிட்டான். காரணம் இன்றுவரை விவாதத்துக்குரியது. அந்தத் தேநீரின் சாரம் வாசலில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாங்கள் போன இடத்தில் வாசல் ஏழடி.

இதில் பயணிகளை மட்டும் குற்றஞ்சாட்டுவது நேர்மையாகாது. வாருங்கள் என்று அழைத்தது ஜப்பானிய அரசாங்கம். 2003 இல் அது பெருமெடுப்பில் பிரசாரத்தைத் தொடங்கியபோது ஆண்டுக்கு 52 இலட்சம் வெளிநாட்டவர் வந்தார்கள். 2024 இல் வந்தவர்கள் 3 கோடி 68 இலட்சம். 2030 இல் 6 கோடி வேண்டும் என்பது அரசின் இலக்கு. வருமானம் ஒரு கணக்கில் சேர்கிறது. சந்தில் வாழ்பவர்களின் அமைதி வேறொரு கணக்கில் கழிபடுகிறது. பலகை வைத்தவர்கள் அந்த இரண்டாவது கணக்கைச் சேர்ந்தவர்கள்.

இதற்கு நேர்மாறான ஓர் அனுபவம் அதே பயணத்தில் வாய்த்தது. கியோத்தோவின் மேற்கே சைஹோஜி என்ற விகாரை இருக்கிறது. பாசித் தோட்டத்துக்குப் பெயர்பெற்றது; சுமார் 120 வகைப் பாசிகள். கூட்டம் மிகுந்து பாசி மிதிபடவே, 1977 இல் அந்த விகாரை பொதுமக்களுக்குக் கதவை மூடிவிட்டது. அதன்பின், முன்கூட்டியே தபாலட்டை எழுதி அனுமதி பெற்றவர்கள் மட்டுமே போகலாம் என்றானது. (2021 முதல் இணையத்திலும் பதிவுசெய்யலாம்.) எனக்காக டோக்கியோவில் வசிக்கும் நண்பர் ஒருவர் பதில் அட்டை இணைந்த தபாலட்டையை அனுப்பி நாள் வாங்கித் தந்தார்.

போனதும் தோட்டத்தைக் காட்டவில்லை. மண்டபத்தில் தாழ்ந்த மேசைகளின் முன் தரையில் அமரவைத்தார்கள். மங்கலாக அச்சிட்ட சூத்திரம் ஒன்று. அதன்மேல் தூரிகையால் எழுதவேண்டும். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. முழங்கால் வலி ஒருபுறம், மை சிந்திவிடுமோ என்ற பயம் மறுபுறம். பக்கத்தில் இருந்த ஐரோப்பிய இளைஞன் பெருமூச்சு விட்டான். எழுதி முடிக்க நெடுநேரமாயிற்று. பிறகு தோட்டத்துக்குள் விட்டார்கள். மரங்களுக்கு அடியில் பச்சையைத் தவிர வேறெதுவும் இல்லை. எவரும் உரத்துப் பேசவில்லை. பேசாதே என்று பலகையும் தேவைப்படவில்லை. நானும் இரண்டு மூன்று படங்கள் எடுத்தேன். அவற்றைப் பார்க்கையில் எனக்கு வெட்கம் வருவதில்லை. பத்து நாள் பயணத்தில் பழைய ஜப்பானுக்கு மிக அருகில் நான் போனது அந்த மேசையின் முன்தான். அங்கே எனக்கு எதையும் விற்கவில்லை. ஒரு வேலை தந்தார்கள்.

வீட்டுக்காரனின் ஒழுங்குக்கு உட்படுகிறவன்தான் விருந்தாளி என்று இப்படி எழுதுவது சுலபம். செருப்பைக் கழற்றுவதும், பொதுக் குளியலறையில் உடம்பைக் கழுவிய பின்னரே தொட்டியில் இறங்குவதும் பெரிய சிரமங்கள் அல்ல. அது கடினமான இடம் காமகுராவில் எனக்குக் காத்திருந்தது.

காமகுராவின் கொத்தோகு-இன் விகாரையில், 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வெண்கலப் புத்தர் வெட்டவெளியில் அமர்ந்திருக்கிறார். பதினொரு மீற்றருக்கு மேல் உயரம். அதே வளவில் ஜே.ஆர். ஜயவர்தனவுக்கு ஒரு நினைவுக்கல் நிற்கிறது. 1991 இல் நாட்டியது. 1951 செப்டெம்பரில் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில், அப்போது இலங்கையின் நிதியமைச்சராக இருந்த அவர், வெறுப்பை வெல்வது பற்றிய புத்தரின் போதனையை எடுத்துக்கூறி, ஜப்பானிடமிருந்து இலங்கை நட்டஈடு கோராது என்று அறிவித்தார். தோற்றுப்போன தேசம் அதை மறக்கவில்லை. நன்றியைக் கல்லில் எழுதிவைப்பதும் அவர்களின் மரபுதான்.

1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோதும், 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோதும் எங்கள் ஜனாதிபதி அதே மனிதர். அந்த யூலையில் கொழும்பில் இருந்தவன் நான்.

கல்லின் முன்னால் ஒரு முதியவர் நின்றிருந்தார். எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது, கல்லைச் சுட்டிக்காட்டினார், பின்னர் என்னை நோக்கி இடுப்புவரை குனிந்து வணங்கினார். சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. ஆனால் அந்த நன்றி அவருடையது, அவருடைய ஊரில், அவருடைய விகாரையில். நானும் குனிந்தேன்.

நிமிர்ந்த பின், சிலை உள்ளே கூடானது, சொற்பக் கட்டணம் கொடுத்து உள்ளே சென்று பார்க்கலாம் என்று சைகையால் விளக்கினார். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.