பம்பைச் சிறிதாக்குங்கள்

1979-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் டெர்ரியும் சகாக்களும் ஒன்றரை மீட்டர் நீளக் குழலோடு ஒரு கேஸ் குரோமட்டோகிராஃபை 5 சென்டிமீட்டர் சிலிக்கான் தகட்டில் செதுக்கிக் காட்டினார்கள். அன்றே வாயுக்களைப் பிரிக்கும் பகுதி உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. பிரிந்தது இன்னதென்று சொல்லும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்தான் சுருங்க மறுத்தது. காரணம், வெற்றிடம். சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றில் மோதாமல் செல்லும் தூரம் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அயனிகளை நிறைவாரியாகப் பிரிக்க அந்தக் காற்றை வெளியேற்றியாக வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பம்புதான் எடையைக் கூட்டுகிறது, பேட்டரியையும் தின்கிறது. பர்டியூ பல்கலைக்கழகத்தில் கிரஹாம் குக்ஸ் பங்கேற்ற குழு, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் நுழைவாயில் வால்வை மில்லிவினாடிக் கணக்கில் மட்டும் திறந்து மூடியது. உள்ளே வரும் காற்று குறைந்ததால் சின்னப் பம்பே போதுமானதாயிற்று. எத்தனையோ புதிய சென்சார்களைவிட இந்த ஒரு வால்வை நான் பெரிதாக மதிக்கிறேன். காய்கறிச் சந்தையில் பூச்சிமருந்து எச்சத்தையும், ஆலை வாசலில் கசியும் வாயுவையும் அங்கேயே கண்டறிய வேண்டுமானால், சிப்புக்குத் தரும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு நல்ல பங்கைப் பம்புக்கும் வால்வுக்கும் ஒதுக்க வேண்டும்.