ஆடிப்பாவை நுரையீரல்

நெஞ்சின் ஊடுகதிர்ப் படத்தில் இதயம் வலப்புறம் தோன்றினால், படத்தைத் திருப்பி மாட்டிவிட்டோமோ என்றே முதலில் ஐயம் எழும். படம் பிழையன்று, உடலே அவ்வாறு அமைந்துள்ளது என அறியுங்கால் வியப்பு மேலிடும். இயல்பாக வலப்புற நுரையீரலுக்கு மூன்று கதுப்புகள், இடப்புறத்ததற்கு இரண்டு. இவர்கட்கோ மூன்று இடப்புறமும் இரண்டு வலப்புறமும் அமையும். கல்லீரலும் இரைப்பையும்கூட ஆடிப்பாவைபோல் இடம் மாறியிருக்கும். இம்மாற்றத்தால் மட்டும் தீங்கில்லை. பலர் நலமாகவே வாழ்கின்றனர். ஆயின் இவர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேறொரு குறை மறைந்துள்ளது. வியப்பில் மூழ்கி அதனை மறந்துவிடலாகாது என்பதே என் கருத்து.

மூக்கு, மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்புறத்தில் கண்ணுக்குப் புலனாகாத குற்றிழைகள் நிறைந்துள்ளன. நொடிக்குப் பத்து முறையளவில் அசைந்து, தூசியும் கிருமியும் கலந்த சளியைத் தொண்டை நோக்கித் தள்ளுவது அவற்றின் பணி. பிறவியிலேயே அவை செவ்வனே அசையாவிடின் சளி தேங்கும், தொற்று தொடரும், மூச்சுக்கிளைக் குழல்கள் விரிந்து சிதையும். உறுப்பு இடமாற்றம், மூக்கையொட்டிய எலும்பறைகளின் அழற்சி, குழல் விரிவு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைவதைச் சூரிச் மருத்துவர் மானெஸ் கார்ட்டகெனர் 1933-இல் விளக்கினார். குற்றிழைகளை இயக்கும் டைனீன் என்னும் புரதம் இவர்களிடம் இல்லாமையை ஸ்வீடன் அறிஞர் பியோர்ன் அஃப்செலியஸ் 1976-இல் எடுத்துக்காட்டினார். கருவில் இடவலத்தை வகுப்பதும் குற்றிழைகளின் சுழற்சியே என்பதை 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிக்கருவில் கண்டனர். அச்சுழற்சி நின்றால் இடவலம் தற்செயலுக்கு விடப்படும். ஆகவேதான் நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே உறுப்புகள் இடம் மாறுகின்றன.

இங்கேதான் நாம் சிந்தித்தல் வேண்டும். எஞ்சியோர்க்கு இதயம் இடப்புறமே உள்ளது. ஐயுறுதற்குப் படத்தில் அடையாளமில்லை. நிறைமாதத்தில் பிறந்தும் மூச்சுத் திணறிய குழந்தை, பிறந்தநாள் முதல் ஓயாத மூக்கடைப்பும் சளியிருமலும் உடைய குழந்தை, 'சளி உடம்பு' என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கப்படுகின்றது. நோயை முற்றும் நீக்கும் மருந்து இன்றும் இல்லை என்பது உண்மையே. ஆயினும் நாள்தோறும் சளியகற்றும் பயிற்சி, உரிய வேளையில் கிருமிக்கொல்லி மருந்து, தடுப்பூசி ஆகியவற்றால் நுரையீரலின் சிதைவைத் தணிக்கலாம்.

பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் இந்நோய் தோன்றும். தாயை மட்டும் பழித்தல் அறியாமை. உறவுக்குள் மணம் புரியும் வழக்கமுடைய நம் குடும்பங்களில், இந்நோய் ஒருவருக்கேனும் இருப்பின், மணத்திற்கு முன் மரபியல் ஆலோசனை பெறுதல் நாணத்தக்கதன்று.

இதயம் எப்புறம் இருப்பினும், குழந்தையின் இருமலுக்குச் செவிசாய்ப்பது பெரியோர் கடன்.