கூடுதல் ஓட்டு வாங்கியவர் தோற்பதா?

ஜனநாயகக் காவலன் என மார்தட்டும் அமெரிக்காவில் அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 538 தேர்வாளர்களே தீர்மானிக்கிறார்கள். அநேகமாக எல்லா மாநிலங்களிலும், ஒரு ஓட்டு கூடினாலும் தேர்வாளர்கள் அத்தனை பேரும் அவருக்கே! விளைவு? 2016-ல் ஹிலாரியை விட 28 லட்சம் ஓட்டு குறைவாக வாங்கிய டிரம்ப் அதிபரானார். 2017 ஜனவரியில், பதவியேற்ற ஒரே வாரத்தில், ஏழு முஸ்லிம் நாட்டவர் நுழையத் தடை போட்டார்.

"இம்முறை இருப்பதால்தான் இழுபறி மாநிலமான மிச்சிகனில் முஸ்லிம் ஓட்டுக்கு மதிப்பு" என்பார்கள் சிலர். உண்மைதான். ஆனால் கலிபோர்னியா முஸ்லிமை யார் தேடி வருகிறார்கள்?

சகோதரர்களே! நமக்கு லாபமா என்று பார்த்து நீதி பேசுவது முஸ்லிமுக்கு அழகல்ல. எடையில் மோசடி கடையிலும் ஹராம், தேர்தலிலும் அநீதி. இம்முறை ஒழியட்டும்!