நிலத்துக்கு மேலே ஒரு பாரிஸ்

இருபது, முப்பது ஆண்டுகளாகப் பாரிஸில் வாழ்ந்துவரும் எம்மவர் ஒருவரிடம் இந்நகரின் படத்தைக் கீறித் தருமாறு கேட்டால், அவர் கீறித் தருவது பெரும்பாலும் மெத்ரோவின் படமாகவே இருக்கும். வீடு ஒரு புள்ளி, வேலைத்தலம் ஒரு புள்ளி, லாச்சப்பல் ஒரு புள்ளி. அவற்றை இணைப்பவை நிலத்துக்குக் கீழே ஓடும் இருண்ட சுரங்கங்கள். ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையில், தலைக்கு மேலே என்ன இருக்கிறதென்பதை அறியாமலே பலர் ஒரு வாழ்நாளின் பாதியைக் கழித்துவிட்டனர். ரிப்பப்ளிக் நிலையத்தில் பல்லாயிரம் தடவை வண்டி மாறியேறியவர்களில் எத்தனை பேர், அச்சதுக்கத்தின் நடுவே உயர்ந்து நிற்கும் சிலையை அண்ணாந்து பார்த்திருப்பர்? மெத்ரோவின் இரண்டாம் இலக்கப் பாதை மேலே எழுந்து வெளிச்சத்தைக் காட்டுவது பார்பெஸ், லாச்சப்பல், ஸ்ராலின்கிராட், ஜொரெஸ் ஆகிய நான்கு நிலையங்களில் மட்டுமே. எமது கடைத்தெரு அந்த நான்கினுள் ஒன்றின் காலடியில் அமைந்தது நாம் செய்த புண்ணியம் என்றே கொள்ளவேண்டும்.

எவரையும் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. வதிவிட அட்டை கைக்கு வராத ஆண்டுகளில், வெளியே சுற்றித் திரிவதென்பதே ஆபத்தான காரியமாக இருந்தது. படிகளின் முடிவில் பொலிஸார் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்து நடந்த கால்களுக்கு உலாவச் செல்லும் எண்ணம் எவ்வாறு வரும்? அட்டை கிடைத்த பின்னரோ உணவகச் சமையற்கூடம் எம்மை விழுங்கிக்கொண்டது. நள்ளிரவில் வேலை முடிந்து கடைசி மெத்ரோவைப் பிடிக்க ஓடுபவருக்கு ஞாயிற்றுக்கிழமை உறங்குவதற்கான நாள். இவ்வாறாக, அச்சத்தால் சுருங்கிய வட்டம் பின்னர் வழக்கத்தால் இறுகிவிட்டது. இவ்வட்டத்தை உடைக்கவல்ல, மலிவானதும் எமக்கு ஏலவே பழக்கமானதுமான பொருள் ஒன்று உண்டு. அதுவே துவிச்சக்கர வண்டி.

யாழ்ப்பாணத்தவருக்குச் சைக்கிளைப் பற்றி எவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் காணாப் பொருளாகிவிட, ஒரு சமூகம் முழுவதையும் தாங்கிச் சுமந்தது இரண்டு சில்லு வாகனமே. நோயாளியும் விறகுக் கட்டும் மணப்பெண்ணும் அதிலேயே பயணித்தனர். மின்கலம் கிடைக்காத அந்நாட்களில், சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்து, டைனமோவிலிருந்து வரும் மின்னில் வானொலிச் செய்தி கேட்ட ஊர் எமது ஊர். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறியபோது, ஏறி மிதிக்க இடமற்ற அந்த நெரிசலில், எஞ்சிய உடைமைகளைக் கட்டித் தள்ளிச் சென்றதும் சைக்கிள்களையே. இத்தனைக்கும் பழகிய நாம், இங்கு வந்து இறங்கியதும் அதனை மறந்துபோனதுதான் வியப்பு.

மறந்ததற்கு நியாயமும் உண்டு. 1980களிலும் 90களிலும் பாரிஸ் வீதிகள் முழுக்க முழுக்கக் கார்களுக்குரியவை. ஆனால் அந்தப் பாரிஸ் இன்று இல்லை. 2007 யூலையில் வெலிப் வாடகைச் சைக்கிள்கள் வீதிக்கு வந்தன. சேன் நதியின் இடக்கரையில் 2013 இலும், வலக்கரையில் 2016 இலும் கார்கள் அகற்றப்பட்டு, நடப்போருக்கும் மிதிப்போருக்கும் இடம் விடப்பட்டது. 2020 இல் ரிவோலி வீதி தனியார் கார்களுக்கு மூடப்பட்டது. 2021 ஓகஸ்ட் இறுதியிலிருந்து நகரின் பெரும்பாலான வீதிகளில் மணிக்கு 30 கிலோமீற்றரே வேக எல்லை. முன்னர் அஞ்சி ஒதுங்கியவர்கள் ஒருமுறை மீண்டும் வந்து பார்ப்பது தகும்.

குறிப்பாக எமது பெண்கள் வந்து பார்க்கவேண்டும். பாடசாலைக்கும் ரியூசனுக்கும் அலுவலகத்துக்கும் அங்கு சைக்கிளிலேயே சென்றுவந்த பெண்பிள்ளைகள், இங்கு தாய்மாராகிப் பேரூந்துத் தரிப்பிடத்தில் காத்து நிற்கின்றனர். கேட்டால், “இந்த வயதில் சைக்கிளா? சனம் என்ன சொல்லும்?” என்பதே பதில். சனம் சொல்வதைப் பற்றி இந்நகரத்துக்கும் ஒரு கதை உண்டு. 1800 ஆம் ஆண்டில் பாரிஸ் பொலிஸ் தலைமையகம் பிறப்பித்த கட்டளை ஒன்றின்படி, ஆணுடை அணிய விரும்பும் பெண் அதற்கெனப் பொலிஸாரிடம் அனுமதி பெறவேண்டும். காற்சட்டையும் இதனுள் அடக்கம். 1892 இலும் 1909 இலும் வெளியான சுற்றறிக்கைகள் இதனைச் சற்றுத் தளர்த்தின. எவ்வாறெனில், அப்பெண் கையில் சைக்கிளின் கைபிடியையோ குதிரையின் கடிவாளத்தையோ பிடித்திருந்தால் காற்சட்டை அணியலாம்! அக்கட்டளை சட்டவலுவற்றது என்று அமைச்சர் ஒருவர் முறைப்படி அறிவித்தது 2013 இலேயே. பிரெஞ்சுப் பெண்ணின் காற்சட்டைக்கு வழி திறந்ததில் சைக்கிளுக்கும் ஒரு பங்கு உண்டெனில், எமது அம்மாமாரின் தயக்கம் அதற்கு ஒரு பெரிய காரியமா?

சைக்கிளின் சிறப்பு, நினைத்த இடத்தில் இறங்கலாம் என்பதே. லாச்சப்பலில் மரக்கறி வாங்கியவர், மேம்பாலத்தின் ஓரமாகச் சில நிமிடம் மிதித்தால் பார்பெஸ். புதன், சனிக்கிழமைகளில் மெத்ரோப் பாலத்தின் கீழ்ச் சந்தை கூடும். அதற்கு அப்பால் சத்தோ ரூஜ் பகுதியில் ஆபிரிக்கப் பெண்கள் மரவள்ளிக்கிழங்கை மட்டுமன்றி அதன் இலையையும் கட்டுக்கட்டாக வாங்கிச் செல்வதைக் காணலாம். எப்படிச் சமைப்பதென்று கேட்டுப் பாருங்கள். உங்கள் பிரெஞ்சும் அவர்கள் பிரெஞ்சும் ஒன்றையொன்று தடக்கி விழுந்தாலும், கறிக்கதை என்றால் எப்படியோ விளங்கிவிடும். மறுதிசையில் பெல்வில் மேட்டில், 1970களின் இறுதியிலிருந்து இந்தோசீனாவை விட்டு வந்த குடும்பங்களின் கடைகள் உள்ளன. படகேறி வந்தவர்கள் அவர்களிலும் பலர். பிரெஞ்சுக்காரர் அவர்கள் நாட்டுக்குக் கொண்டுசென்ற பாணைப் பிளந்து, உள்ளே கொத்தமல்லித் தழையும் ஊறிய கரட்டும் மிளகாயும் இறைச்சியும் வைத்து, அதனைத் தமதாக்கித் திரும்பக் கொண்டுவந்து பிரெஞ்சுக்காரருக்கே விற்கிறார்கள். இதிலுள்ள இனிய பழிவாங்கலை ருசித்து உண்ணவேண்டும்.

பாண் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. போர்த்துக்கேயர் எமக்கு விட்டுச்சென்ற இச்சொல்லும் பிரெஞ்சுச் சொல்லும் இலத்தீன் தாயின் பிள்ளைகளே. வந்திறங்கிய முதல்நாள், மொழி எதுவும் அறியாமல் வெதுப்பகத்தில் நுழைந்து “பாண்” என்று கேட்டவருக்குப் பாண் கிடைத்ததில் அதிசயமில்லை. அந்தப் பாணிலும் தரம் பார்க்கவேண்டும். “ட்ரடிசியோன்” என்று கேட்டு வாங்குங்கள். அதில் மேலதிகச் சேர்மானங்கள் சேர்க்கவோ, மாக்கூழைக் குளிரில் உறையவைக்கவோ கூடாதென 1993 ஆம் ஆண்டின் அரசாணை விதித்துள்ளது. காலையில் சூட்டோடு வாங்கி, வீட்டுக்குச் சென்று சம்பலுடன் உண்டு பாருங்கள்.

இன்பத்தைப் பற்றி எழுதும்போது மற்றொரு காட்சியையும் மறைக்கலாகாது. முதுகில் சதுரப் பெட்டியுடன் இரவுமழையில் மிதித்துச் செல்லும் இளைஞர்களை நாள்தோறும் காண்கிறோம். பிறர் பெயரிலான கணக்கில் ஓடி, வருமானத்தில் ஒரு பகுதியை அப்பெயருக்கு உரியவரிடம் கொடுத்துவிட்டு, எஞ்சியதில் வாழ்பவர்கள் அவர்களில் உண்டு. கோப்பை கழுவிய தலைமுறைக்கு அடுத்து, பெட்டி சுமக்கும் தலைமுறை. அவர்களிடம் சென்று “சைக்கிள் ஓடுவது இன்பம்” என்று சொன்னால் சிரிப்பார்கள். உங்கள் கதவைத் தட்டும் பிள்ளைக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுங்கள். நகரின் ஒவ்வொரு சந்தும் மேடும் அறிந்தவர்கள் அவர்கள். வழி கேட்பதற்கும் அவர்களே ஏற்றவர்கள்.

சட்டதிட்டம் சிறிதளவே. ஓட்டுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. முன்னும் பின்னும் விளக்கும், மணியும் இருக்கவேண்டும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 2017 முதல் தலைக்கவசம் கட்டாயம். காதில் காதொலிப்பானைச் செருகிக்கொண்டு ஓடுவது 2015 இலிருந்து தண்டனைக்குரியது. ஊரில்போல முன்பாரில் பிள்ளையையும் பின்கரியரில் மனைவியையும் ஏற்றிச் செல்லும் வித்தையை இங்கு காட்டவேண்டாம். ஆளுக்கொரு இருக்கை பொருத்தியிருக்கவேண்டும். பழைய வண்டி வாங்குவோர் அதற்கு விற்பனைச் சீட்டு உண்டா என்று பார்த்து வாங்குக. வண்டியின் விலையைக் குறைத்தாலும் பூட்டின் விலையைக் குறைக்கவேண்டாம்.

இனி எங்கே செல்வது? எமது விருப்பத்துக்குரிய பாதை ஒன்றே ஒன்று. ஜொரெஸ் நிலையத்தருகே தொடங்கும் ஊர்க் கால்வாய்க் கரை. பெயரே “ஊர்க்” என்பதுதான். தமிழில் எழுதினால் எமது ஊரின் வாய்க்கால் போலாகிவிடுகிறது. பாரிஸுக்கு நன்னீர் கொண்டுவரவென 1802 இல் நெப்போலியனின் ஆணையால் தொடங்கப்பட்ட இக்கால்வாய் ஏறத்தாழ 108 கிலோமீற்றர் நீளமானது. இன்று அதன் நீரால் நகரின் வீதிகளைக் கழுவுகின்றனர், பூங்காக்களுக்கும் பாய்ச்சுகின்றனர்.

தொடக்கத்தில், புரட்சிக்குச் சற்று முன்னர் கட்டப்பட்ட வட்டவடிவச் சுங்க மண்டபம் நிற்கிறது. அதனை அண்டிய மேம்பாலத்தின் கீழேதான் 2016 இல் சூடான், எரித்திரியா, ஆப்கானிஸ்தான் அகதிகள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடாரமிட்டுக் கிடந்தனர். அவ்விடத்தைக் கடக்கையில் நாம் மிதியின் வேகத்தைக் குறைப்பதுண்டு. அப்பால் லா வில்லெத் நீர்த்தேக்கம். கரையில் முதியவர்கள் இரும்புக் குண்டெறிந்து பெத்தாங் விளையாடுவர். நின்று பார்த்தால் உங்கள் கையிலும் ஒரு குண்டு வந்துசேரும். 2017 முதல் கோடையில் இங்கு நீந்துவதற்கும் இடம் ஒதுக்குகின்றனர். 1885 இல் அமைத்த தூக்குப்பாலம், ஒருகாலத்தில் நகரின் இறைச்சிக்கூடமாக இருந்த பெரும் பூங்கா, நெடுஞ்சாலையின் அடிவயிறு, பந்தானின் பழைய மா ஆலை என்று காட்சிகள் மாறிக்கொண்டே வர, முன்னே பொபினி.

பொபினி என்றால் வதிவிட அட்டை அலுவலகமே எம்மவர்க்கு நினைவில் எழும். அங்கு வாழும் ஒரு தாயார் எமக்கு அறிமுகமானவர். சாவகச்சேரியில் சைக்கிளில் பாடசாலை சென்றவர். இங்கு விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்து, இருபத்தேழு ஆண்டுகள் கைபிடியைத் தொடாதவர். மகளின் பழைய வண்டியில் சென்ற வசந்தகாலத்தில், மகன் வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல், கால்வாய்க் கரையில் ஏறியிருக்கிறார். முதல் நூறு மீற்றர்தான் தள்ளாட்டமாம். “பொபினியிலை இவ்வளவு வானம் இருக்கெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லைத் தம்பி” என்றார். தூண்டிலுடன் கரையில் அமர்ந்திருக்கும் போர்த்துக்கேய முதியவர் ஒருவரும் அவரும் இப்போது காலைவணக்கம் சொல்லிக்கொள்கின்றனராம். இத்தனை ஆண்டுகளில் வேலைத்தலத்துக்கு வெளியே அவர் பிரெஞ்சில் பழகிய முதல் மனிதர் அவரே.

பொந்தி, ஓல்னே ஆகிய இடங்களைத் தாண்டினால் செவ்ரான். ஜொரெஸிலிருந்து ஆறுதலாக மிதித்தால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் ஆகலாம். கால்வாயை அண்டி அங்கொரு காடு இருக்கிறது. ஓக் மரங்களுக்கிடையே பழைய செங்கற் கட்டடங்கள் ஆங்காங்கே தென்படும். 1873 முதல் 1973 வரை, ஒரு நூற்றாண்டு காலம், பிரெஞ்சு அரசின் வெடிமருந்துத் தொழிற்சாலை இயங்கிய இடம் அது. இரு உலகப் போர்களுக்கும் இங்கிருந்து மருந்து சென்றது. இப்போது அங்கு பிள்ளைகள் பந்தடிக்கின்றனர், குடும்பங்கள் புல்லில் விரிப்பு விரித்து உண்கின்றன. பூங்காவின் பெயர் மட்டும் இன்னமும் வெடிமருந்தாலையின் பெயரே.

புட்டோ இடியப்பமோ பொதி கட்டிச் செல்பவர்கள் தண்ணீரையும் கொண்டுசெல்க. திரும்பி மிதிக்க இயலாதவர்கள் கவலைப்படவேண்டாம். செவ்ரான்-லிவ்றி நிலையம் கால்வாய்க்கு அருகிலேயே உள்ளது. வேலைநாட்களின் காலை, மாலை நெரிசல் நேரம் தவிர்ந்த வேளைகளில் ஆர்.ஈ.ஆர். வண்டியில் சைக்கிளையும் ஏற்றலாம். ஞாயிற்றுக்கிழமையில் அத்தடை இல்லை. கார் து நோர் நிலையத்தில் இறங்கினால் லாச்சப்பலில் கடைகள் திறந்தே இருக்கும்.