தூக்க மாத்திரை போதாது

மாசிக் கடைசியில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் புல் காய்ந்துவிடும். எங்காவது ஒரு மூலையில் புகை கிளம்பும். கீழே போடியில் இருப்பவர்களுக்கு அது ஆண்டுதோறும் பார்த்துப் பழகிய காட்சி. 2018 மார்ச் 11 மாலை அந்த மலையில் ஏறி ஓடியவர்களால் அப்படிப் பார்க்க முடியாது. மலையேற்றம் வந்த சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் அன்று நெருப்புக்கு நடுவே சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது, கமாண்டோக்கள் வந்தார்கள். ஆனால் முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் உள்ளூர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். போர்வையைக் கம்பில் கட்டி, டோலியாக்கி, உடல் வெந்துபோனவர்களை இருட்டில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

தீ எப்படிப் பிடித்தது, அனுமதி கொடுத்தது யார் என்று ஆராய அரசு ஒரு மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரியை நியமித்தது. வேண்டிய விசாரணைதான். தூக்கி வந்தவர்கள் அதற்குப் பிறகு தூங்கினார்களா என்று விசாரிக்கத்தான் ஆள் இல்லை.

போடி, பொட்டிபுரம், குரங்கணி, கொட்டகுடி எனக் கீழிருந்து மேல்வரை இந்த மலைச்சரிவு மக்கள் பார்த்த சாவுகள் கொஞ்சமல்ல. விடியுமுன் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் ஜீப்புகள் கவிழ்ந்திருக்கின்றன. மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 உயிர்கள். பெரும்பாலோர் தமிழர்கள். இவை ஊருக்குத் தெரிந்த சாவுகள். வீட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் அடி வாங்கிய பெண்ணின் பயம் கணக்கிலேயே வருவதில்லை.

இப்படிப் பட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன சொல்கிறார்? 'மனசு சரியில்லை' என்று சொல்ல மாட்டார். தலைவலி என்பார், நெஞ்சு படபடக்கிறது என்பார், ராத்திரி தூக்கமில்லை என்பார். வரிசையில் பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். ஓர் ஊசி, பத்துத் தூக்க மாத்திரை, அடுத்த ஆள். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில், அந்த அதிர்ச்சியால் வரும் தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் பென்சோடயசபின் வகை மாத்திரைகளைப் பெரியவர்களுக்குத் தரக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லிவிட்டது.

'பயந்துட்டா' என்று சொல்லி வேப்பிலை அடித்துத் திருநீறு பூசும் வழக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, 'ஒண்ணுமில்லத்தா' என்று தலையைத் தடவுவதில் மருந்து இருக்கிறது. ஆனால் ஏழாண்டு கழித்தும் அடுப்புப் புகைக்கு உடம்பு விறைத்துப்போகும் என்றால், ஓட்டில் மழை விழுந்தாலே ஒரு தாய் பிள்ளைகளை எழுப்பி வெளியே இழுத்து வருகிறாள் என்றால், அதற்குப் பயின்ற ஆள் வேண்டும். அது கோழைத்தனமும் கிறுக்கும் கிடையாது. அன்று உயிரைக் காக்க உடம்பு அடித்த மணி இன்னும் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பயின்ற ஆளைப் பற்றித்தான் நமக்குக் கூடுதல் கவலை. ஆலோசனை என்றால் நடந்ததை ஒன்றுவிடாமல் கொட்ட வைப்பது, அழ வைத்தால் பாரம் இறங்கிவிடும் என்ற நினைப்பு இங்கே பலரிடம் இருக்கிறது. விபத்து நடந்த சூட்டோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் முறையைப் பற்றிய ஆய்வுகளை ஆய்வாளர்கள் திரட்டிப் பார்த்தார்கள். பலன் தெரியவில்லை, சிலருக்குக் கெடுதலாகவே முடிந்தது.

மனக்காயத்தை அறிந்த ஆலோசகர் வேறு விதமாகத் தொடங்குகிறார். கதவைத் திறந்து வைக்கட்டுமா, சாத்தட்டுமா என்று கேட்கிறார். வந்தவர் வாசலைப் பார்த்து உட்கார நாற்காலியைத் திருப்பிப் போடுகிறார். இன்று என்ன பேசப்போகிறோம், எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். 'சொல்ல வேண்டாம்னு தோணுனா சொல்லாதீங்கக்கா, போதும்னு கையைக் காட்டுனா நிறுத்திடுவேன்' என்கிறார். பேச்சு நடுவே வந்தவரின் கண் எங்கோ நிலைகுத்தினால், கதையை விட்டுவிட்டு, காலைத் தரையில் அழுத்தி ஊன்றச் சொல்கிறார். உடம்புக்கு இந்த அறை பத்திரமானது என்று படப் பல வாரம் ஆகலாம். அதன் பிறகே, அதுவும் அவர் சம்மதித்தால், நடந்ததைத் தொடுகிற சிகிச்சை.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று தள்ள முடியாது. போருக்கு நடுவே யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் ஊர்மட்டத்தில் ஆட்களைப் பயிற்றுவித்தார். அவர் தமிழிலேயே எழுதிய நூலின் பெயர் 'மனவடு'. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையிலும் பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனம் உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. சொல்லும் இருக்கிறது, முறையும் இருக்கிறது. மலைக்குத்தான் அது ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அதன் மருத்துவர் உட்காரும் நேரம் பகல். அந்தப் பகலில் நம் ஆட்கள் பூப்பாறையிலோ சாந்தன்பாறையிலோ ஏலச்செடிக்கு நடுவே குனிந்து நிற்கிறார்கள். ஒருநாள் ஆஸ்பத்திரி என்றால் ஒருநாள் கூலி போச்சு. வேலை கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில். இரண்டு அரசுகளும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுகின்றன. தனியாரிடம் போகலாம் என்றால், பலகை மாட்டியிருப்பவர் பயின்றவரா, இரண்டு நாள் வகுப்புக்குப் போய் வந்தவரா என்று அறிய அந்தப் பெண்ணுக்கு என்ன வழி? துணை மருத்துவத் தொழில்களை முறைப்படுத்த 2021-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. அதன் பலன் போடித் தெருக்களில் இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை.

பொட்டிபுரத்து மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்த ஆய்வகம் வேண்டுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது, அதைப் பற்றி வேறு நாள் பேசலாம். கண்ணுக்குத் தெரியாத துகளைத் தேட இந்த மலைக்கு வழி கண்ட நாட்டால், மலையடிவாரத்தில் ஓர் ஆலோசகருக்கு நாற்காலி போட முடியாதா?

நாம் கேட்பது கொஞ்சம்தான். போடி அரசு மருத்துவமனையில் ஜீப்புகள் இறங்கிய பிறகு, மாலை 6 மணி முதல் 8 வரையும் ஞாயிறு முழுதும், பேரதிர்ச்சிச் சிகிச்சை பயின்ற பெண் ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டும். கிராமச் செவிலியர்களுக்கும் தீயணைப்பு, வனத்துறைக் காவலர்களுக்கும் அடிப்படைப் பயிற்சி வேண்டும். தேனி, இடுக்கி ஆட்சியர்கள் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்தால் எல்லைச் சிக்கலுக்கு வழி பிறக்கும். அரசு நடத்தும் மனநலச் சிகிச்சையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆகவே இது சலுகை கேட்கும் மனு ஆகாது.

அதுவரை, இரவில் தூக்கம் வராமல் கிடப்பவர்கள் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம். கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த எண்ணை அவர் செல்போனில் நீங்களே பதிந்து கொடுங்கள்.